1990 மஸ்டாங் 5.0: 331 கட்டுவதா, 347 கட்டுவதா?

செவ்வானம்90

அனைவருக்கும் வணக்கம். மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே வசிக்கிறேன். என்னிடம் 1990ஆம் ஆண்டு மஸ்டாங் எல்எக்ஸ் ஹேட்ச்பேக் இருக்கிறது. 5.0 லிட்டர் வி8, ஐந்து கியர் மேனுவல். ஒன்பது ஆண்டுகளாக என்னோடு இருக்கும் வண்டி. என் மகள் கிளச் மிதித்துப் பழகியது இதில்தான். விற்கும் பேச்சுக்கே இடமில்லை.

சென்ற மாதம் கம்ப்ரஷன் பார்த்தேன். ஆறு சிலிண்டர்களில் 150 பிஎஸ்ஐக்கு மேல் காட்டியது; மூன்றாவதிலும் ஏழாவதிலும் 105தான். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை. எப்படியும் எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு அதே 302ஐ (இந்த 5.0 லிட்டர்தான் 302 கன அங்குலம்) மறுபடி பூட்ட மனம் வரவில்லை. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கை நீட்டிக் கொள்ளளவைக் கூட்டும் ஸ்ட்ரோக்கர் கட்டலாம் என்று தீர்மானித்துவிட்டேன். 331 கன அங்குலமா 347ஆ என்பதில்தான் மூன்று வாரமாகத் தூக்கம் கெடுகிறது. 347 எண்ணெய் குடிக்கும் என்று பாதிப் பேர் பயமுறுத்துகிறார்கள். 331 கட்டினால் கடைசி நேரத்தில் கஞ்சத்தனம் செய்ததாக வருந்துவாய் என்று மீதிப் பேர் சொல்கிறார்கள்.

ஓட்டுவது இப்படி: கோடையில் வார இறுதிகள், மாதம் இரண்டு ஞாயிறு ஆட்டோகிராஸ் (கூம்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து ஓட்டும் நேரப் போட்டி), ஆகஸ்டில் உட்வர்ட் சாலை ஊர்வலம், வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ கால் மைல் டிராக். சாலையில் உப்பு கொட்டத் தொடங்கியதும் வண்டி கொட்டகைக்குள் போய்விடும். நண்பரிடம் வாங்கிய ட்ரிக் ஃப்ளோ ட்விஸ்டட் வெட்ஜ் 170 ஹெட்கள் (வால்வுகள் அமர்ந்த சிலிண்டர் மேல்மூடிகள்) ஒரு ஜோடி மேசைமேல் காத்திருக்கின்றன. கையில் 8500 டாலர். டர்போ, சூப்பர்சார்ஜர் எண்ணம் எப்போதும் இல்லை.

கோவைலேத்து

தம்பி, 26 ஆண்டுகளாகப் போரிங், ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்குவது), கிராங்க் கிரைண்டிங் செய்கிறேன். பெரும்பாலும் லாரி, டிராக்டர், பழைய அம்பாசிடர். உங்கள் ஃபோர்டு எஞ்சினை மூன்று முறைதான் தொட்டிருக்கிறேன். ஆனால் சிலிண்டர் தேய்மானத்துக்கு நாடு கிடையாது.

நீங்கள் கடைசியில் கேட்க வேண்டியதை முதலில் கேட்கிறீர்கள். பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் வார்ப்பை அளந்தீர்களா? போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) இன்னும் 4.000 அங்குலத்தில்தான் இருக்கிறதா, யாராவது முன்பே ஒருமுறை பெரிதாக்கிவிட்டார்களா? இந்த வார்ப்பின் சுவர் மெல்லியது. 4.030 தாராளமாகத் தாங்கும், 4.040 வரை பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுவரின் கனத்தை ஒலி மானியால் அளந்து எட்டு சிலிண்டருக்கும் எழுதி வாங்குங்கள்.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு கணக்கு. போரை மட்டும் 4.030 ஆக்கி, பழைய 3.000 அங்குல ஸ்ட்ரோக்கையே வைத்தால் 306 கன அங்குலம். நாலு கன அங்குலம் கூடும், அவ்வளவுதான். அதே போரில் கிராங்கை (பிஸ்டன்கள் சுற்றும் தண்டை) மாற்றி ஸ்ட்ரோக்கை 3.250 ஆக்கினால் 331. 3.400 ஆக்கினால் 347. கொள்ளளவு கூடுவது கிராங்கின் கையை நீட்டுவதால்தான். போரில் அதிகம் கிடைக்காது. கை நீண்டால் அது சுற்றும் இடத்தில் எதெது இடிக்கும் என்பதுதான் பட்டறைக்காரனின் கவலை.

ஸ்காபரோ347

வணக்கம். ரொறன்ரோவில் ஏழு வருடமாக 347 ஓட்டுகிறேன். எண்ணெய் குடிக்கும் என்ற பேச்சுக்கு ஒரு காலத்தில் உண்மையான காரணம் இருந்தது, அதனால் அதைச் சிரித்து ஒதுக்க நான் விரும்பவில்லை.

இந்த பிளாக்கில் கிராங்கின் மையத்திலிருந்து மேல்தளம் வரை 8.206 அங்குலம். அதில் 3.400 ஸ்ட்ரோக்கின் பாதி 1.700 போய்விடும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு 5.400 நீளத்தில் போட்டால் மிஞ்சுவது 1.106. இந்தச் சின்ன உயரத்துக்குள் பிஸ்டன் பின், மூன்று ரிங் பள்ளம், பிஸ்டனின் தலை எல்லாம் அடங்க வேண்டும். அதனால் ஆரம்பகால கிட்களில் பிஸ்டன் பின்னுக்கான துளை ஆயில் ரிங் பள்ளத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. ரிங்குக்குக் கீழே முழுத் தாங்கல் இல்லை. எண்ணெய் மேலே போகாமல் என்ன செய்யும்?

இதற்கு இரண்டு வழி வந்தது. ஒன்று, 5.315 நீள ராடு. பிஸ்டன் பின் கீழே இறங்கிவிடும், பள்ளத்தைத் தொடாது. மற்றது, 5.400 ராட்டுடன் ஆயில் ரிங்குக்கு அடியில் தாங்கு வளையம் போட்ட பிஸ்டன். என்னுடையது இரண்டாவது வகை. கோடை முழுக்க ஓட்டி, எண்ணெய் மாற்றும் நாளில் அளந்தால் கால் குவார்ட்கூடக் குறைவதில்லை. ஹோனிங் ஒழுங்காக நடந்தால், ரிங் ஒழுங்காக அமர்ந்தால், 347 நல்ல எஞ்சின். ஹம்பர் ஆற்றோரம் இரண்டாயிரம் ஆர்பிஎம்மில் நான்காம் கியரில் மிதித்தால் அது தள்ளும் தள்ளலை 302 ஓட்டிப் பழகியவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஆறாயிரம்

நான் 331 பக்கம். பயத்தால் இல்லை.

செவ்வானம் ஆட்டோகிராஸ் ஓடுகிறார். அங்கே பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே முழுச் சுற்றும் முடியும். ஆர்பிஎம் ஏற ஏற இழுத்துக்கொண்டே போகும் எஞ்சின்தான் அங்கே நேரத்தைக் குறைக்கும். பிஸ்டன் வேகத்தைக் கணக்கிடுங்கள்: 302 எஞ்சின் 6500இல் எந்தச் சராசரி வேகத்தில் ஓடுகிறதோ, அதே வேகத்தை 331 சரியாக 6000இல் எட்டும், விநாடிக்கு ஏறத்தாழ 16.5 மீட்டர். 347 அதை 5740 வாக்கிலேயே எட்டிவிடும். மேலும் ராடு நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்துப் பாருங்கள். பழைய 302க்கு 1.70, 331க்கு 1.66, 5.400 ராடு போட்ட 347க்கு 1.59, 5.315 போட்டால் 1.56. விகிதம் குறையக் குறைய ராடு அதிகம் சாய்கிறது, பிஸ்டன் சுவரை அதிகம் அழுத்துகிறது. பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் சுவரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஸ்காபரோ347

ஆறாயிரம், கணக்கு சரி. முடிவு மிகை. இந்த எஞ்சினுக்குப் பெயர் தந்த வின்ட்சர் நகரம் எங்கள் 401 நெடுஞ்சாலையில் நாலு மணி நேரப் பயணம். அதன் வரலாற்றையே பாருங்கள். 1968இல் ஃபோர்டு என்ன செய்தது? முந்தைய 289 எஞ்சினின் 2.87 அங்குல ஸ்ட்ரோக்கை 3.00 ஆக்கி 302 என்றது. மேல்தள உயரம் மாறவில்லை. அதே உயரத்துக்குள் அடங்க ராட்டை 5.155இலிருந்து 5.090 ஆகக் குறைத்தது. அதாவது நாம் எல்லோரும் அசல் என்று கொண்டாடும் 302வே ஒரு ஸ்ட்ரோக்கர்தான். விகிதம் அப்போதே குறைந்தது. அந்த எஞ்சின்கள் இரண்டு லட்சம் மைல் ஓடியதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். 1.59க்கும் 1.66க்கும் இடையில் ஒருவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வளைகுடாக்காற்று

ஹூஸ்டனிலிருந்து எழுதுகிறேன். 331, 347 சண்டையைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. 16 கன அங்குலத்துக்காக இவ்வளவு நேரம். உடையப்போகும் பொருள்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

என் பழைய மஸ்டாங்கில் 347 கட்டி, இரண்டு வருடம் கழித்துச் சூப்பர்சார்ஜர் பூட்டினோம். டைனோவில் (சக்தியை அளக்கும் கருவியில்) 500 குதிரைத்திறனைத் தாண்டியதும் ஒரே குதூகலம். ஏழாவது வாரம், மூன்றாம் கியரில் முழு மிதியில், பிளாக் லிஃப்டர் பள்ளத்தாக்கு (இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுப்பகுதி) வழியாக நீளவாக்கில் பிளந்தது. மெயின் பேரிங் தாங்கும் சுவர்கள் வரை விரிசல். நல்ல கிராங்க், நல்ல ராடு, அடியில் மெயின் பேரிங் மூடிகளை ஒன்றாகக் கட்டும் மெயின் கேர்டில் எல்லாம் இருந்தன. கேர்டில் மூடிகளைப் பிடித்து வைக்கும். வார்ப்பின் நடுப்பகுதியை அது காப்பாற்றாது. அன்று என் கணவர் சாலையோரம் நின்று அந்தப் பிளவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

செவ்வானம் டர்போ வேண்டாம் என்கிறார். நல்லது. 400 குதிரைத்திறன் அளவில், ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்தி, டெட்டனேஷன் (எரிபொருள் கட்டுமீறி வெடிப்பது) வராமல் ட்யூன் செய்தால் தொழிற்சாலை பிளாக் தாங்கும். 500க்கு ஆசை இருந்தால் டார்ட் போன்ற தனி நிறுவனங்கள் செய்யும் வலுவான பிளாக் வாங்கும் வரை எதையும் தொடாதீர்கள்.

அடுத்தது கியர்பாக்ஸ். உங்கள் 1990 வண்டியின் டி-5க்கு 300 பவுண்டு-அடி முறுக்குவிசைதான் மதிப்பீடு. புதிதாக இருந்தபோது உங்கள் 302 கொடுத்ததே 300. 331ஆகட்டும் 347ஆகட்டும், அந்த ஹெட்களோடு 380க்குக் குறையாது. ஒட்டும் டயரில் கிளச்சைத் தட்டி விட்டால் மூன்றாம் கியரின் பற்கள் எண்ணெயில் மிதக்கும். உங்கள் 8500இல் கியர்பாக்ஸுக்கு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

இன்ஜெக்டரும் போதாது. தொழிற்சாலை இன்ஜெக்டர் மணிக்கு 19 பவுண்டு. எட்டால் பெருக்கி, 85 சதவீதம் திறக்கும் என்று வைத்து, ஒரு குதிரைக்கு மணிக்கு அரைப் பவுண்டு பெட்ரோல் என்று வகுத்தால் 258 குதிரைத்திறனோடு முடிந்துவிடும். 400க்குக் குறைந்தது 30 பவுண்டு இன்ஜெக்டர் வேண்டும். கொஞ்சம் இடம் விட்டு 36 வாங்குங்கள். பம்ப், காற்று மானி, கணினியின் ட்யூன் எல்லாம் அதோடு சேர்ந்தே வரும்.

செவ்வானம்90

வளைகுடாக்காற்று, உண்மையைச் சொல்கிறேன்: கியர்பாக்ஸுக்குப் பணமே ஒதுக்கவில்லை. பிளந்த பிளாக்கைப் பற்றிப் படித்த பிறகு கொட்டகைக்குப் போய் என் வண்டியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னொரு கேள்வி. பக்கத்து ஊரில் ஒருவர் 351 வின்ட்சர் பிளாக் ஒன்றை 400 டாலருக்குத் தருகிறார். அதை 408 ஆக்கினால் பிளாக் கவலை குறையுமா?

ஆறாயிரம்

அகலக்கால் வைக்காதீர்கள். 351இன் வார்ப்பு கனமானது, மெயின் ஜர்னல் பெரிது, 4.000 ஸ்ட்ரோக்கில் 408 அருமையாக வரும். ஆனால் அதன் மேல்தளம் 9.5 அங்குல உயரம். உயரம் கூடினால் அகலமும் கூடும். ஹெடர், இன்டேக், ஆயில் பேன், முன்பக்க பிராக்கெட்டுகள், சில சமயம் பானெட் வரை மாற்ற வேண்டும். முன் அச்சில் எடை ஏறும். ஆட்டோகிராஸுக்கு அது எதிரி. பிளாக் 400 டாலர்தான், அதைச் சுற்றியுள்ளவை 4000.

கோவைலேத்து

வளைகுடாக்காற்று அம்மா சொன்னதை இரண்டு முறை படித்தேன். அனுபவித்தவர் சொல், அதைவிடப் பெரிய பாடப்புத்தகம் கிடையாது.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும், தம்பி. உங்கள் விரல் எது? மேசைமேல் இருக்கும் அந்த ஹெட். 170 சிசி துளை. 302க்கு அது தாராளம், 331க்குப் பொருத்தம், 347க்குச் சற்று இறுக்கம். ஒரே மூக்கால் பெரிய நெஞ்சுக்கு மூச்சு விடுவதுபோல, 347இன் உச்ச சக்தி முன்னதாகவே வந்து பிறகு சோர்ந்துவிடும். சாலைக்கு அது குறை இல்லை. ஆறாயிரம் வரை இழுக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் குறைதான்.

கம்ப்ரஷனும் பார்த்தேன். ஹெட் அறை 61 சிசி. கேஸ்கட்டுக்கு ஏறத்தாழ 9, பிஸ்டன் மேல்தளத்துக்குக் கீழே ஐந்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து) நிற்பதாக 1, பிஸ்டனின் வால்வு வெட்டுக்கு 5. மொத்தம் 76 சிசி. 331இன் ஒரு சிலிண்டர் 679 சிசி, விகிதம் 9.9. 347இன் ஒரு சிலிண்டர் 711 சிசி; அதே உதிரிகளோடு 10.35. அலுமினிய ஹெட், 93 ஆக்டேன் பெட்ரோல், நல்ல ட்யூன் இருந்தால் இரண்டும் ஓடும். ஆனால் ஊர்வலத்தில் ஆகஸ்ட் வெயிலில் ஊர்ந்துகொண்டே இரண்டு மணி நேரம் நிற்கும் வண்டிக்கு 9.9 எனக்கு நிம்மதி தருகிறது.

ஒன்று மறக்காதீர்கள். இந்த ஹெட்டின் வால்வுக் கோணம் ஃபோர்டின் கோணம் அல்ல. பிஸ்டன் வாங்கும்போது ட்விஸ்டட் வெட்ஜுக்கான வெட்டு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பூட்டும்போது களிமண் வைத்துச் சுற்றிப் பார்த்து, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை அளக்காமல் ஹெட்டை இறுக்கவே கூடாது.

இரவுப்பயணி

நான் சொல்ல வந்தது பேலன்ஸ் பற்றி. யாரும் இன்னும் தொடவில்லை.

சின்ன ஃபோர்டு வி8களில் 1980களின் தொடக்கம் வரை கிராங்கைச் சமன்செய்ய இரு முனைகளிலும் சேர்க்கும் வெளி எடை 28 அவுன்ஸ்-அங்குலம். பிறகு வந்த 5.0களில் 50. கடைகளில் விற்கும் ஸ்ட்ரோக்கர் கிராங்குகள் 28க்கும் உண்டு, 50க்கும் உண்டு, வெளி எடையே வேண்டாத உள் பேலன்ஸுக்கும் உண்டு. முன்னால் டேம்பர் (அதிர்வைத் தணிக்கும் சக்கரம்), பின்னால் ஃப்ளைவீல் இரண்டும் அதே எண்ணுக்கு இருக்க வேண்டும். என் 331ஐக் கட்டிய பட்டறை 28க்கான கிராங்கில் என் பழைய 50 ஃப்ளைவீலைப் பூட்டிக் கொடுத்துவிட்டது. 2500 ஆர்பிஎம்மில் கண்ணாடியில் ஒன்றும் தெரியாத அளவு அதிர்வு. எஞ்சின் மவுண்ட் போயிருக்கும், டிரைவ் ஷாஃப்ட் வளைந்திருக்கும் என்று நான்கு மாதம் தேடினேன். இறுதியில் கண்டுபிடித்தபோது பின்பக்க மெயின் பேரிங் செம்பு நிறம் காட்டியது. அந்த நாலு மாதமும் என்மேல்தான் எனக்குக் கோபம்; பெட்டியின்மேல் எண் அச்சிட்டிருந்தது, நான் படிக்கவில்லை.

கிராங்க், ராடு, பிஸ்டன், டேம்பர், ஃப்ளைவீல் ஐந்தையும் ஒரே நாளில் ஒரே பட்டறையில் கொடுத்து, பேலன்ஸ் செய்த தாளைக் கையில் வாங்குங்கள்.

செவ்வானம்90

இரண்டு வாரம் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். எஞ்சினை இறக்கிப் பிரித்துவிட்டேன். போர் இன்னும் 4.000இல்தான் இருக்கிறது, யாரும் தொட்டதில்லை. மேல் விளிம்பில் தேய்மானம் 7 தௌ வரை. ஒலி மானியில் மிக மெல்லிய இடமும் 4.030க்குப் போதும் என்று பட்டறை எழுதிக் கொடுத்தது. மூன்றாவது, ஏழாவது பிஸ்டன்களில் மேல் ரிங் உடைந்திருந்தது.

கணக்கை மறுபடி போட்டேன். சுழலும் உதிரிகளுக்கு 2300, பட்டறைக் கூலி 1600, கேம், லிஃப்டர், கேஸ்கட், போல்ட் எல்லாம் 1400, எரிபொருள், ட்யூன் பக்கம் 1300. மிச்சம் 1900. புதிய கியர்பாக்ஸுக்கு இன்னும் ஆயிரத்துச் சொச்சம் துண்டு விழுகிறது. அதனால் இந்த வருடம் டிராக் கிடையாது. டி-5ஐ வைத்துக்கொண்டு, சாலை டயரில், மென்மையாக ஓட்டப் போகிறேன். அந்த 1900ஐத் தொடாமல் வைத்து, அடுத்த வசந்தத்தில் கியர்பாக்ஸ்.

331 கட்டுகிறேன். எண்ணெய்க் கதைக்குப் பயந்து அல்ல. ஸ்காபரோ அதைத் தெளிவாக்கிவிட்டார். என்னிடம் இருக்கும் ஹெட் 331க்குப் பொருந்துகிறது. இப்போது என்னிடம் 205 ஹெட் இருந்திருந்தால் 347தான். 28 அவுன்ஸ் கிராங்க், அதற்கேற்ற புதிய டேம்பர், புதிய ஃப்ளைவீல். பெட்டியில் உள்ள எண்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், இரவுப்பயணி.

ஸ்காபரோ347

நல்ல முடிவு. உங்கள் காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் 347க்காக இனி வாதாட மாட்டேன். ஒன்று மட்டும்: பிஸ்டன் 4032 கலவையா 2618 கலவையா? உங்கள் ஊரிலும் ஏப்ரல் காலை குளிர்தான். 4032இல் சிலிக்கன் அதிகம், சூட்டில் குறைவாக விரியும், சுவரோடு நெருக்கமாக வைக்கலாம், குளிரில் டக்டக் என்று தட்டாது. 2618 கலவை பலத்த அடியைத் தாங்கும், ஆனால் அது சூப்பர்சார்ஜர்காரர்களுக்கு.

செவ்வானம்90

4032தான். வியாழக்கிழமை பிளாக்கைக் கொண்டுபோய் விடுகிறேன். ஐயா, பட்டறையில் நான் குறிப்பிட்டுக் கேட்க வேண்டியவை என்ன?

கோவைலேத்து

ஹெட்டுக்குப் பதில் கனமான தகட்டைப் போல்ட் போட்டு இறுக்கி, அந்த நிலையில்தான் ஹோன் செய்ய வேண்டும். மெல்லிய சுவர், போல்ட் இறுகும்போது வட்டம் கெடும். தகடு இல்லாத ஹோனிங் பாதி வேலைதான். அதற்கான தகடு இல்லை என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

ஹோனுக்கு முன்பே கிராங்கையும் இரண்டு ராட்டையும் சும்மா வைத்துக் கையால் சுற்றச் சொல்லுங்கள். ராடு போல்ட் சிலிண்டரின் அடி விளிம்பைத் தொடும் இடத்தில் 60 தௌவாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் அங்கே அரைத்து இடம் செய்வார்கள். கழுவிய பிறகு அரைத்தால் இரும்புத்தூள் எண்ணெய் வழிக்குள் போய்விடும், ஆகையால் வரிசை முக்கியம். எட்டு ராடுகளையும் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பக்கம் பாருங்கள், அங்கேயும் அதே 60. ஆயில் பம்ப் தண்டு பழையதைப் போடாதீர்கள். கடினப்படுத்திய புதியது சின்ன விலைதான்.

ரிங் இடைவெளியை நீங்களே வைத்துப் பாருங்கள். உங்கள் போருக்கு 16 முதல் 18 தௌ. எட்டு சிலிண்டரின் எண்களையும் எழுதி இங்கே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.

செவ்வானம்90

நன்றி, ஐயா. மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். ரிங்குகளை அவள் அளக்கப் போகிறாள். ஃபீலர் கேஜ் வாங்கியாகிவிட்டது.